ட்றைவ்ஷாஃப்ற்றும் ரெண்டாவது தேங்காயும்

என்ர மனுசன் மூண்டு கிழமையா தன்ர பழைய மசில் காருக்குக் கீழதான் சீவிக்கிறார்.

பின்சில்லைச் சுத்தவைக்கிற புது ட்றைவ்ஷாஃப்ற் பூட்டி, கையோட கோயிலில காருக்குப் பூசையும் செய்தாச்சு. அண்டையிலயிருந்து காரை எடுக்கேக்கை ஒரு "டொங்", பிறேக் அடிக்கேக்கை ஒரு "டொங்".

இண்டைக்கு ஒஷாவாவிலயிருந்து அவற்ர கூட்டாளி குகன் அண்ணை வந்து அளந்துபோட்டு, "மச்சான், ஷாஃப்ற் கால் இஞ்ச் கட்டை" எண்டார்.

பிறகு என்னைப் பின்சீற்றில ஏத்தி, காரை ஓட்டிக்கொண்டு, குப்புறக் கிடந்து சத்தம் எங்கயெண்டு கேக்கச் சொல்லிச்சினம்.

"கீழயில்லை, பின்னால கேக்குது" எண்டன்.

"அப்ப பின் அச்சில இருக்கிற டிஃபரென்ஷல்தான்!" எண்டு ரெண்டுபேரும் ஒரே குரலில சொல்லிச்சினம்.

நான் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தன். உள்ளுக்கு ஒரு முழுத் தேங்காய். பூசையில உடைக்கிற தேங்காய் அழுகலா இருந்தாலுமெண்டு மனுசன் காவிக்கொண்டு போன ரெண்டாவது தேங்காய்.

மனுசன் அதைக் கையில வைச்சு வடிவாப் பார்த்தார். "சரி, உருண்டது தேங்காய்தான். ஆனா ஷாஃப்ற் சரியெண்டா அது ஏன் உருளுது?"

தேங்காய் இப்ப புட்டுக்குச் சம்பலாகீட்டுது. ரெண்டுபேரும் திரும்பக் காருக்குக் கீழ.

புட்டையும் சம்பலையும் காருக்குக் கீழயே தள்ளிவிடவோ, இல்லாட்டி கோயிலுக்குப் போய் உவைக்கும் ஒரு அர்ச்சனை செய்யவோ? சொல்லுங்கோ.

செய்தாலும் ஒரு தேங்காய்தான் கொண்டுபோவன்.