யூசுப் மச்சானின் டீசல் கரண்ட்

போன வாரப் புயல் மழையில் காட்டுமன்னார்கோயிலில் மாட்டிக்கொண்டேன். அக்காவைப் பார்க்கப் போன இடம். சிதம்பரம் ரோட்டில் மரங்கள் விழுந்து பஸ் நின்றுவிட்டது. கரண்ட்டும் போய்விட்டது.

கரண்ட் போனதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அக்காவின் கணவர் யூசுப் மச்சான்தான்.

காரணம் உண்டு. பினாங்கில் ஒரு ரைஸ் மில்லின் இன்ஜின் ரூமில் பல வருஷம் இருந்தவர். ஊர் திரும்பியதும் ஒரு பழைய பம்ப்செட் டீசல் இன்ஜினை வாங்கினார். மூடிப்போன டூரிங் டாக்கீஸிலிருந்து ஒரு டைனமோ. இரண்டையும் பெல்ட் போட்டு இணைத்து, கொல்லைக் கொட்டகையில் நிறுத்தினார். ஊரே இருண்டாலும் இவர் வீட்டில் நான்கு பல்பு எரியும். யார் வந்தாலும் முதலில் கொல்லைக்கு அழைத்துப்போவார் — டீயெல்லாம் அப்புறம்தான்.

பகல் பதினொரு மணி இருக்கும். வானம் அப்படிக் கறுத்துக் கிடந்தது. எதிரில் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டரம்மா நனைந்தபடியே வந்தார்.

“பாய், ஒரு பொண்ணுக்கு உடனே ஆபரேஷன் பண்ணணும். சிதம்பரம் கொண்டுபோக வழியில்ல. மயக்க மருந்து பக்கத்துல பெட்ரோமாக்ஸ் வெச்சா தீப்பிடிச்சிக்கும். உங்க கரண்ட்டு வேணும்.”

ஊருக்கெல்லாம் மெஷினைக் காட்டியவர், “வேணாம்மா” என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “என்ன மச்சான் இப்புடிச் சொல்றீங்க?”

“இன்ஜின் கொஞ்சம் வேகமா ஓடுனா பல்பு பட்டுனு போயிடும். இங்க போனா புதுசு மாட்டிக்கலாம். அங்க, வயித்தக் கிழிச்ச பிறகு போனா?”

டாக்டரம்மா முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “இப்ப வெளிச்சமே இல்லியே பாய். நீங்க இங்க நின்னு பாத்துக்குங்க. நான் அங்க பாத்துக்கறேன்” என்றார்.

தெருவின் குறுக்கே ஒயர் போனது. இன்ஜின் பக்கத்தில் மச்சான் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். அது பளிச்சென்றால் வேகத்தைக் குறைப்பார், மங்கினால் கூட்டுவார். கண் அதை விட்டு அகலவில்லை. சாரலில் பெல்ட் நனைந்து நழுவப் பார்த்தது... நான் குடை பிடித்தேன். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள்.

அவள் புருஷன், பக்கத்து கிராமத்து விவசாயி, ஓடி வந்து மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உங்க மெஷின்தான் பாய் ரெண்டு உசுரக் காப்பாத்துச்சி.”

மச்சானால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் போனதும் என்னிடம் சொன்னார்: “மூணு தடவ பெல்ட்டு கழலப் பாத்துச்சி. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல?”

நாம் செய்தது நமக்கு மட்டும் என்றிருக்கும்வரை ‘ஓடினால் போதும்’ என்று விட்டுவிடுகிறோம். அடுத்தவர் உயிர் அதன்மேல் வந்து சாயும்போதுதான் எங்கெங்கே அசிரத்தையாக இருந்தோம் என்று தெரிகிறது. மெஷினுக்கு மட்டுமா இது? நான் எழுதுகிற எழுத்துக்கும்தான்.

மறுநாள் பஸ் ஓட ஆரம்பித்தது. கடலூருக்குக் கிளம்பினேன். மச்சான் வழியனுப்ப வரவில்லை. நன்றாக ஓடிய இன்ஜினைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பிக்கொண்டிருந்தார்.

பாராட்டு அவரை உட்கார வைத்திருக்கும். பயம்தான் ஸ்பானரை எடுக்க வைத்தது.