பொம்மைப்படக் காசுக்காரர்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. ஞானஸ்நானத்தில் மகளாக ஏற்ற ஞானமகள் நயேலிக்குப் பத்துப் பதினொரு நாளில் கல்யாணம்; அதற்கான மோலேக் குழம்பு விழுதுக்காக ஓத்தீலியா மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் அனாக்லேத்தோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது என்று உடன் வேலை பார்த்தவர் போனில் அழுதார். இனி கணவர் வரமாட்டார் என்பது அவளுக்கு உறைப்பதற்குள் மிளகாய் கருகிவிட்டது.

புவேப்லா நகரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அனாக்லேத்தோவைத் தெரியாத நாணயச் சேகரிப்பாளர் கிடையாது. மற்றவர்கள் கழுகு போட்ட பழைய பேசோ நாணயத்துக்கும் ராஜா தலை போட்ட காசுக்கும் அலைவார்கள். இவர் பொம்மைப்பட நாயகர்களைப் பொறித்த வெள்ளிக் காசுகளை மட்டுமே வாங்கினார்: குடைக்குள் ஒளியும் ஆமை, ஒற்றைச் செருப்புப் பூனை, பல்லில்லாத ஓநாய். கடை போட்டிருக்கும் எபிக்மேனியோ வாராவாரம் சீண்டுவார்.

"வாய்யா பெரிய மனுஷா! மீசை நரைச்சுப் போச்சு, இன்னும் ஆமைக்குட்டியா?"

"உன் ராஜாவுல எவன்யா என்னைச் சிரிக்க வெச்சான்? வரி போட்டவன் மூஞ்சிய நீயே வெச்சுக்க."

பள்ளிக்கூடத்தில் ஏறாத எழுத்து, தெருமுனையில் வாடகைக்குக் கிடைத்த படக்கதைகளில்தான் அவருக்கு ஏறியது. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. தரச் சான்றோடு கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து வரும் காசுகளைக்கூடப் பருத்திக் கையுறை போட்டுத்தான் தொடுவார். ஓத்தீலியா குனிந்து பார்த்தால், "மூச்சைத் தள்ளி விடு கண்ணு, ஓநாய்க்குச் சளி பிடிச்சிரும்" என்பார்.

அந்த ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் பதின்மூன்று காசுகளைக் கொட்ட வேண்டும். உறவில் ஒருவர் மெத்தை, ஒருவர் கேக் என்று செலவை ஏற்றுக்கொண்டபோது, காசுகள் அனாக்லேத்தோவின் பங்கு.

"முலாம் பூசினது போதும் ஞானப்பா," என்றாள் நயேலி.

"நான் இருக்கறப்ப முலாமா? என் ஆமை உன் கல்யாணத்துக்கு வரும் பாரு."

இப்போது இறந்தவருக்கான ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்த மறுநாளே கல்யாணம். தள்ளிப்போடலாம் என்று கேட்க வந்த நயேலியை ஓத்தீலியா பேசவிடவில்லை.

"தள்ளிப்போட்டா அந்த மனுஷன் எந்திரிச்சு வந்து திட்டுவாரு. போய்ப் பூக்காரிக்குச் சொல்லு போ."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு அடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் உறையோடு காசைக் கொடுத்தால் அது சடங்காகுமா? உடைத்தால் அவருக்குச் செய்யும் துரோகமா? வாக்குக் கொடுத்தவரோ இல்லை. யாரைக் கேட்பது? எபிக்மேனியோவையே வீட்டுக்கு வரச் சொன்னாள்.

அலமாரியைத் திறந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெல்வெட் பையில் பன்னிரண்டு காசுகள் உறையில்லாமல் கிடந்தன.

"ஐயையோ, கொலை! உறையை அறுத்தா பாதி விலை போச்சே தாயி! எந்தப் பாவி பண்ணினது?"

ஓத்தீலியா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஆமையின் குடை மேல் கட்டைவிரல் ரேகை. லிஃப்ட் வேலையில் காயம் பட்டுக் குறுக்கே தழும்பு விழுந்த கணவரின் விரல். கையுறை போடாத கை.

"வேற யாரு? அந்தப் பாவிதான்," என்றாள். "பிளாஸ்டிக்குக்குள்ள கெடந்தா காசு பேசுமா?"

எபிக்மேனியோ தொப்பியைக் கழற்றினார்.

பதின்மூன்றாவது காசான ஓநாய் இரும்பறுக்கும் ரம்பத்தோடு பக்கத்தில் இருந்தது, பாதி அறுத்த உறைக்குள். ஓத்தீலியா ரம்பத்தைக் கையில் எடுத்தாள். பிறகு கணவர் விட்டுப்போன இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"அதை விடுங்க," என்றார் எபிக்மேனியோ. "பதின்மூணாவது என்னோட பழைய பேசோ இருக்கட்டும். என் கழுகு ஒரு நாளாவது ஆமையோட பழகட்டும்."

கோயிலில் மாப்பிள்ளையின் கையிலிருந்து காசுகள் விழுந்த ஓசை கடைசி வரிசை வரைக்கும் கலகலவென்று கேட்டது. நயேலி கையைப் பார்த்தாள். குடைக்குள் ஒளிந்த ஆமையைக் கண்டதும் பலிபீடத்தின் முன்னாலேயே சிரித்துவிட்டாள். கறுப்புடையில் நின்ற ஓத்தீலியாவும் சிரித்தாள். கணவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பல்லில்லாத ஓநாய் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. உறையில் இரண்டு பக்கம் அறுபட்டிருக்கிறது, இரண்டு பக்கம் அறுபடவில்லை.