குனியாத கழுத்து

திருத்தணி பஜார் தெருவில் இரண்டு அறை டிஸ்பென்சரி போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு என்மீது அபார நம்பிக்கை. காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்வேன். இடப்பக்க விலாவுக்குக் கீழே அமுக்கி மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். மலேரியா என்று முடிவு கட்டி, கொய்னா மிக்சர் கொடுத்து அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம், ஒரு கிருத்திகை நாள். மலைக்கு வந்த கூட்டத்தில் பாதி என் வாசலில்தான் நிற்கிறதோ என்று தோன்றியது. காலையில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. காய்ச்சல் இறங்கினால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாராம். இறங்கவில்லை. சரி, முடியை முதலில் கொடுத்துவிடுவோம் என்று புறப்பட்டு வந்துவிட்டார். பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"துண்டை எடும்மா, நாக்கைப் பார்க்கணும்" என்றேன்.

"கண்ணு கூசுது நைனா" என்று அவள் அப்பாவிடம்தான் சொன்னாள்.

நானே துண்டை விலக்கி நாக்கைப் பார்த்தேன். தலைவலியும் வாந்தியுமாக வந்த குழந்தை வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால், அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்களே என்று மட்டும் நினைத்தேன். மிக்சர் புட்டியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நெசவாளி திரும்பி வந்தார். கூடவே, மலையடிவாரக் குளத்தருகில் முடி இறக்கும் கொட்டகையில் வேலை செய்த நாவிதர். எனக்கும் அவருக்கும் ஆகாது. சவரக் கத்தியைக் கொதிநீரில் போட்டெடுக்கச் சொல்லி நான் ஒருமுறை கொட்டகையில் போய்ச் சத்தம் போட்டதிலிருந்து, எதிரே பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அன்று அவர்தான் பெண்ணைக் கையில் ஏந்தி வந்திருந்தார். நனைத்த முடி அப்படியே அவள் தலையில் இருந்தது.

நெசவாளிக்கு நாவிதர்மேல் கோபம். "வேண்டிகினு வந்த முடிங்க. கத்தியே வெக்க மாட்டேன்னுட்டாரு. சாமி குத்தம் ஆவாதுங்களா?"

நாவிதர் பெண்ணை என் மேசையருகே கொண்டுவந்தார். "இந்தத் தலை குனிய மாட்டேங்குதுங்க" என்றார் என்னிடம்.

முடி இறக்கும்போது மோவாய் நெஞ்சில் படும்படி தலையை அமுக்கிப் பிடிப்பது வழக்கம். அப்படி அந்தக் கைகளில் தினமும் எத்தனையோ தலைகள் குனியும்.

"அமுக்கினா கழுத்து வளையல, முதுகே சேந்து வருது. இன்னும் கொஞ்சம் அமுக்கினா முழங்கால் ரெண்டும் தானா மேல ஏறுது. போன ஆடியில இதே மாரி ஒரு புள்ள. திமிரு பண்ணுதுன்னு அதட்டிகினே எறக்கிட்டேன். மறுநாளே போயிடுச்சிங்க. அதான் கத்திய மூடிட்டு தூக்கிகினு வந்தேன்."

பெண்ணை மேசைமேல் கிடத்தி, தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கழுத்து பலகை மாதிரி இருந்தது. முழங்கால்கள் மடங்கி எழுந்தன. சென்னையில் பரீட்சைக்காக உருப்போட்ட அடையாளம் அது. வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு உண்டு. பெயர் தெரிந்த நான் காலையில் கோட்டைவிட்டேன். பெயர் தெரியாதவர் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் சீழ் பிடித்திருக்கிறது என்று நெசவாளியிடம் சொன்னேன். ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பினால் மறுநாள்தான் மருந்து உள்ளே போகும். அதுவரை தாங்காது என்று பட்டதால் அங்கேயே தொடங்கினேன்.

நோயை உறுதி செய்ய முதுகெலும்பின் இடுக்கில் ஊசி விட்டு நீர் எடுக்க வேண்டும். குழந்தையை ஒருக்களித்துச் சுருட்டி, அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் என் கம்பவுண்டர் பின்வாங்கினார்.

"நான் புடிக்கிறேங்க" என்றார் நாவிதர். ஒரு கை பிடரியில், ஒரு கை முழங்காலுக்குப் பின்னால். "ஆங், ஆச்சு கண்ணு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே பிடித்தார். அவள் அசையவில்லை. தெளிவாக வரவேண்டிய நீர் அரிசி கழுவிய தண்ணீராகச் சொட்டியது.

பென்சிலின் பட்டணத்திலேயே சுலபத்தில் கிடைக்காத காலம். என்னிடம் கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை ஒரு புட்டி இருந்தது. பொடி செய்து, கரைத்து, மூக்கு வழியே ரப்பர் குழாய் விட்டு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தேன். அந்த மருந்து சிறுநீரகத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் கூடவே சோடா உப்பும் நிறையத் தண்ணீரும்.

"பொழச்சிக்குமாங்க?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாது" என்றேன்.

அவர்களைப் பின்னறையிலேயே தங்க வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாவிதர் தினமும் வருவார். நான் கழுத்தைப் பார்த்து முடித்ததும், தானும் உள்ளங்கையைக் கொடுத்து ஒருமுறை பார்ப்பார். நான் தடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டாள். அப்பா பின்னாலிருந்து "அம்மாடி" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். நான் அவள் காதருகே டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேளையோடு மருந்து கொடுத்தாலும் இந்த நோய் சிலருக்குக் காதைக் கொண்டுபோய்விடும். புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வரியை நான் எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறேன். காலையிலேயே தொடங்கியிருந்தால் மிஞ்சியிருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

காது கேட்காது, திரும்பியும் வராது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உசுரு இருக்குதுங்களே. தறி ஓடறப்போ எங்க வூட்ல எல்லாரும் கையாலதான் பேசிக்குவோம். இவளும் பேசிக்குவா" என்றார். பிறகு என்னைக் கும்பிட்டார். "அன்னிக்குக் காலையில நீங்க குடுத்த மிக்சர்தாங்க அவள சாயங்காலம் வரைக்கும் தாங்கிப் புடிச்சுது. இல்லன்னா கொட்டாயிலயே போயிருப்பா. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேங்க."

நாவிதர் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து பொதட்டூர்பேட்டைக் காய்ச்சல்காரர்கள் அந்த மிக்சரைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். வந்த ஒவ்வொருவரின் கழுத்தையும் முதலில் குனிய வைத்துப் பார்த்தேன். அவளைக் காப்பாற்றியது அந்த மிக்சர் இல்லை என்பதை மட்டும் கடைசிவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.