ஓகஸ்ட் மாதத்து மலை

“இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருசம். ஒருத்தரிட்டையும் உதவி எண்டு வாய் திறந்தவன் இல்லை. இனியும் திறக்கமாட்டன். எழுதி வையுங்கோ!”

2009ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் திரிம்பாக் கோயில் அன்னதான மண்டபத்தில், நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் முன்னிலையில் திருவாளர் புண்ணியமூர்த்தி விடுத்த பிரகடனம் இது. அப்போதுதான் அவர் சோற்றுக் கிடாரம் ஒன்றை இறக்கி வைத்திருந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெரிய அண்டா அது. மறுபக்கத்தைப் பிடிக்க வந்த மகேஸ்வரனைக் கண்ணாலேயே விரட்டிவிட்டு, சமையலறையிலிருந்து பந்திவரை தனியே சுமந்து வந்தார். சபை வியந்தது. அடுத்த பதினாறு நாட்கள் அவரால் குனிந்து காலுறை போட முடியவில்லை. காலுறை போட்டுவிட்டவர், முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவர், வேலையிடத்துக்குப் போன் எடுத்து ஜெர்மன் மொழியில் சுகயீனம் அறிவித்தவர் எல்லாம் அவருடைய மனைவி சந்திரமதி. இவை உதவியில் சேரா. “அது குடும்பம்” என்பது புண்ணியமூர்த்தியின் சட்ட விளக்கம்.

ஓல்ட்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க உலகெங்கும் இருவர் தேவைப்படுகிறார்கள். புண்ணியமூர்த்தி ஒரு முனையைத் தாடையில் கவ்வி, தனியாக மடிப்பார். அப்படிக் கவ்வியிருக்கும்போது கண் வேறெங்கும் திரும்பாது. எதிர்ச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டி. தென் ஸ்பெயினின் சுண்ணாம்புக்கல் மலைகள், மாதத்துக்கு ஒன்றாக. எந்தக் காலத்திலோ ஓகஸ்டுக்கு வந்து, பிறகு தாளைத் திருப்ப ஆளில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் அந்தச் சலவை அறையில் ஆண்டு முழுவதும் ஓகஸ்ட். வெள்ளைப் பாறை, நீல வானம், உச்சியில் கைகளை விரித்து நிற்கும் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர், கீழே மலையின் பெயர்: கிரசலேமா, எல் தொரெயோன். அந்தப் பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் புண்ணியமூர்த்திக்கு மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்த இன்னொரு முகம் ரொறன்ரோவில் இருந்தது. அக்கா சிவபாக்கியம். 1990இல் பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவரால் வர முடியாது. தம்பியிடம் இருந்ததோ அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம். அதை வைத்து இரண்டு முறை கனடா விசா கேட்டார், இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. சுவிஸ் பாஸ்போட் கிடைத்தால் விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி. 2011இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்.

படிவத்தை நிரப்பியவர் சந்திரமதி (குடும்பம்). ‘ஏன் இந்நாட்டின் குடிமகனாக விரும்புகிறீர்கள்?’ என்றொரு கேள்வி.

“அக்காவைப் பாக்க வேணும் எண்டு உள்ளதைச் சொல்லுங்கோவன்.”

“அது கையேந்துற மாதிரி. இந்த நாட்டின்ர இயற்கை அழகிலை மயங்கினன் எண்டு எழுதும்.”

‘ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு, போன வருடம்தான் பாஸ்போட் எடுத்து, அதனால் துறையின் பேரறிஞராக உயர்ந்திருந்த மகேஸ்வரன் தொலைபேசியில் வந்தார்.

“அண்ணை, மலையில நடக்கிறது எண்டு போடுங்கோ. எங்கட ஆக்கள் முழுப்பேரும் அதைத்தான் போட்டவை.”

“ஐசே, நான் உம்மட்ட உதவி கேக்கேல்லை.”

“உதவி இல்லை அண்ணை. தகவல்.”

தகவலுக்குத் தடையில்லை. மலையேற்றம் என்று எழுதப்பட்டது.

நேர்முகத்தில் ஐந்து பேர் கொண்ட ஊர்க் குழு. அதில் ஒருவர் வீஸ் அம்மையார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, எழுபது வயது, எண்பதுக்குரிய கண்டிப்பான பார்வை, நாற்பதுக்குரிய கால்கள். “மலையேற்றமா? அருமை. எந்தெந்த மலைகள்?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

யூரா மலைத்தொடர் இருபது வருடமாகப் புண்ணியமூர்த்தியின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. அதில் ஒன்றின் பெயராவது அவருக்கு அந்த நேரத்தில் வந்திருக்கலாம். வரவில்லை. வந்தது வேறு.

“எல் தொரெயோன்.”

அம்மையாரின் புருவம் உயர்ந்தது. “ஸ்பெயினில், கிரசலேமாவிலா? எப்போது போனீர்கள்?”

“ஓகஸ்டில.”

“ஓகஸ்டிலா?”

“ஓம். நல்ல வெயில்.”

அம்மையார் தாளில் எதையோ குறித்தார். பிறகு புன்னகைத்தார். “நம் யூராவிலும் சுண்ணாம்புக்கல்தான். சனிக்கிழமை நான் பெல்ஹன்ஃப்ளூ உச்சிக்குப் போகிறேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்களேன்.”

வீட்டில் சந்திரமதி தலையில் கை வைத்தார். “அவ பிடிச்சிட்டாப்பா. பொய் சொன்னவன் எண்டு எழுதினால் பாஸ்போட்டும் இல்லை, அக்காவும் இல்லை.”

“நான் ஏறிக் காட்டுறன். பிறகு என்னத்தைப் பொய் எண்டுறது?”

சனிக்கிழமை காலை ஹவென்ஸ்டைன் பஸ் தரிப்பிடத்தில் புண்ணியமூர்த்தி இறங்கினார். கரும்சாம்பல் கோட்டு, சூட்டு, நீல டை, கூர்மூக்குத் தோல் சப்பாத்து. அதிகாரி ஒருவரோடு போகும்போது மழைச் சட்டையோடா போவது? முதுகுப்பையும் தடித்த சப்பாத்துமாக நின்ற வீஸ் அம்மையார் அந்தக் காலணிகளை ஒரு கணம் பார்த்தார். “காலை வணக்கம்” என்றார். அந்த நாட்டில் நாகரிகம் அவ்வளவு கடுமையானது. பின்னால் சந்திரமதி ஓட்டச் சப்பாத்தோடு, ஒரு பை நிறையப் பொரித்த ரோல்ஸும் தேநீர்க் குடுவையுமாக இறங்கினார்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் தூரம் இல்லை, நேரம்தான் எழுதியிருந்தது. அதைப் பஸ் நேர அட்டவணையைப் போல நம்பிப் புண்ணியமூர்த்தி முன்னால் நடந்தார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். மலையில் அது வழக்கம் என்று அறியாத அவர், தம் கோட்டுக்குக் கிடைக்கும் மரியாதை என எண்ணி ஒவ்வொருவருக்கும் நின்று தலை வணங்கினார். இருபதாவது ஆளுக்குப் பிறகு வணங்க மூச்சு இல்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே காட்டுப்பாதை முடிந்து, பாறையில் படிகள் தொடங்கின. முதல்நாள் பெய்த மழை காயவில்லை. பலர் மிதித்து வழவழத்த சுண்ணாம்புக்கல் நனைந்தால் சவர்க்காரக் கட்டிதான். நாலாம் படியில் கூர்மூக்குச் சப்பாத்து வழுக்கியது. புண்ணியமூர்த்தி இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தார். கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

“என்னப்பா?” என்றார் பின்னால் நின்ற சந்திரமதி.

“சப்பாத்து நாடா கட்டுறன்.”

“உந்தச் சப்பாத்துக்கு நாடா இல்லை.”

மேலிருந்து வீஸ் அம்மையார் திரும்பினார். “உதவி வேண்டுமா?”

“வேண்டாம்!”

இங்கே ஒரு மரபைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு நாலாம் முறை வாங்கிக் குடிப்பதே மானமுள்ள மனிதருக்கு அழகு. கேட்பவரும் நாலு முறை கேட்டாக வேண்டும். புண்ணியமூர்த்தி முதலாவது வேண்டாமைச் சொல்லிவிட்டு, இரண்டாவதைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் சுவிஸ்காரர்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். “சரி” என்ற அம்மையார் திரும்பி விறுவிறுவென்று ஏறினார்.

ஐந்து படி. ஆறு படி. முதுகுப்பை சிறிதாகிக்கொண்டே போனது. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.

“ஃபிராவ் வீஸ்!”

அவர் நின்றார்.

“கை,” என்றார் புண்ணியமூர்த்தி. அந்தச் சொல் வெளியே வர எவ்வளவு பாடுபட்டதென்று சந்திரமதி பார்த்துக்கொண்டிருந்தார். “கையைத் தருவீங்களோ?”

அம்மையார் இறங்கி வந்து கையை நீட்டினார். நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை, பிடித்தால் விடாது. டையும் கோட்டுமாகப் புண்ணியமூர்த்தி மேலெழும்பிய அதே நொடியில், கீழேயிருந்து ‘கிளிக்’ என்றது.

“படமோ எடுத்தனீர்? அழிச்சுப்போடும் அதை!”

“ஓம், ஓம்,” என்றார் சந்திரமதி. அந்த ‘ஓம், ஓம்’ எதற்கும் வாக்குறுதி ஆகாது என்பதை இருபது வருடம் குடும்பம் நடத்தியவர் அறிந்திருக்க வேண்டும்.

உச்சியில் ஆல்ப்ஸ் முழுவதும் வரிசையாகத் தெரிந்தது. அம்மையார் நாலு ரோல்ஸ் சாப்பிட்டார். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு சொன்னார்:

“எல் தொரெயோனுக்கு நான் பத்துத் தடவை போயிருக்கிறேன். எல்லாம் பெப்ரவரியில். ஓகஸ்டில் யாரும் ஏற முடியாது. காட்டுத்தீ பயத்தால் கோடை முழுக்கப் பாதையை மூடிவிடுவார்கள்.”

சந்திரமதி தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். புண்ணியமூர்த்தி நாட்காட்டியைப் பற்றிச் சொன்னார். தாடையில் கவ்விய விரிப்பையும் சொன்னார். அங்கே தொடங்கியதால் நிறுத்த முடியாமல் அக்காவையும் சொன்னார்.

“இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?”

“உதவி கேக்கிற மாதிரி இருக்கும்.”

அம்மையார் ரோல்ஸை மென்று முடித்தார். புண்ணியமூர்த்தி தொண்டையைச் செருமினார். ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமில்லை போலும்.

“குழுவுக்கு உண்மையை எழுத வேணும். என்ர ஜெர்மன் காணாது. எழுதித் தருவீங்களோ?”

“தரலாம். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால், குழு முடிவெடுக்கும் அன்றைக்கு நான் வாக்களிக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு வாக்குக் குறையும்.”

புண்ணியமூர்த்தி மனைவியைப் பார்த்தார். சந்திரமதி தலையசைத்தார்.

“பரவாயில்லை. எழுதுங்கோ.”

கடிதம் நாலே வரி. ஸ்பெயினுக்கு நான் போனதில்லை, அந்த மலையைப் படத்தில் பார்த்தேன். இப்போது உண்மையாக ஒரு மலை ஏறியிருக்கிறேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும்.

அம்மையார் சொன்னபடியே வாக்களிக்காமல் வெளியே போய் உட்கார்ந்தார். மற்ற நால்வரும் ஆம் என்றார்கள். பிறகு மாநிலம், பிறகு நடுவண் அரசு, பிறகு காத்திருப்பு. 2013 ஆனியில் சிவப்பு பாஸ்போட் வந்தது. அதற்குள் புண்ணியமூர்த்திக்கு நாடா உள்ள சப்பாத்து வந்துவிட்டது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மையாரோடு யூராவில் நடக்கும் பழக்கமும். விண்ணப்பத்தில் எழுதிய பொய் இப்படித் தாமதமாக உண்மையானது. ரோல்ஸ் செலுத்தும் கடமையைச் சந்திரமதி ஏற்றிருந்தார். சலவை அறை நாட்காட்டிக்குக் கீழே, யார் வைத்ததென்று தெரியாமல், அவ்வப்போது ஒரு பூ இருந்தது. ஸ்பெயின் மலைக்கு நன்றி சொல்ல வேறு வழி இல்லை.

சூரிச் விமான நிலையத்தில் பாஸ்போட் உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு படம் இருந்தது. அவர் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி விமானங்களைப் பார்த்தார். படம் கோட்டுப் பைக்குள் போயிற்று.

ரொறன்ரோவில் அக்கா கையை விடவே இல்லை. சிகிச்சை இல்லாத நாளாகப் பார்த்து உறவினர் எல்லாரையும் அழைத்திருந்தார். மெலிந்த குரல், ஆனால் பெருமையில் வீடு நிறைந்தது.

“என்ர தம்பி ஒருத்தரிட்டையும் உதவி எண்டு வாய் திறந்தவன் இல்லை, தெரியுமோ? தனி ஆளா நிண்டு பாஸ்போட் எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறான்!”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கிடாரம் ஒன்றுதான் குறைவு.

புண்ணியமூர்த்தி கோட்டுப் பைக்குள் கையை விட்டு, படத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டார்.

“ஆரடா இந்த வெள்ளைக்காரி? ஏன் கோட்டுச் சூட்டோட அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?”

“கேட்டனான் அக்கா,” என்றார் மெதுவாக. “தந்தவ.”