ஏழாவது கேட்டில் நின்றவர்

விமானத்தில் ஏறும் வாசலில், ஓர் இரும்புக் கூண்டுக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் நின்றவர் அவர். நாங்கள் எல்லோரும் அவரை 'அளவு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். எங்களுடையது மலிவுக் கட்டண விமானம். கையோடு கொண்டுவரும் பெட்டி அந்தக் கூண்டுக்குள் சிக்காமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அங்கேயே கட்டணம் கட்ட வேண்டும். சில நாள் அது டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்று போர்டிங் பாஸ் ஸ்கேன் செய்கிறவள். அதனால் நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா செருப்புக் கடையில் இருந்தார். காலைப் பார்த்தாலே நம்பர் சொல்லிவிடுவாராம். அந்தக் கண் இங்கேயும் உதவியது. வரிசையின் கடைசியில் நிற்கும் பெட்டியைப் பார்த்து, "அது உள்ள போகாது, சக்கரம் இடிக்கும்" என்பார். சொன்னபடியே இடிக்கும். ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் நான்கு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்றி நிற்பார். இன்னொருவரின் கழுத்துத் தலையணைக்குள் பஞ்சுக்குப் பதில் துணி இருக்கும். ஒருமுறை ஒரு பெண் கோட்டுக்குள் பையை மறைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எத்தனை மாசம்மா?" என்று கேட்டார் அக்கா.

"ஆறு."

"ஜிப் தெரியுது. மூடிக்கிட்டுப் போ."

அப்போதெல்லாம் அப்படி விட்டுவிட முடிந்தது. பிறகு எங்களை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக் கம்பெனி மாறியது. புது சூப்பர்வைசர் வந்தார். ஒரு விமானத்துக்குக் குறைந்தது ஐந்து பெட்டியாவது பிடிக்க வேண்டும் என்றார். யார் எத்தனை பிடித்தார்கள் என்று தினமும் காலையில் போன் குரூப்பில் பட்டியல் வரும். இரண்டு மாதம் அக்காவின் பெயர் கடைசியில் இருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பேசினார். கோபமாகக்கூட இல்லை. "மூணாவது தடவையும் இப்படின்னா என் கையில ஒண்ணும் இல்லை, பார்த்துக்கங்க" என்றார். அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். முதுகெலும்பு விலகி வீட்டோடு இருந்தார். மகள் பள்ளி இறுதி வகுப்பு. அக்கா வந்து தன் இடத்தில் நின்றார். அன்று ஏழு பெட்டி பிடித்தார்.

வரிசையில் நிற்கிற பயணிகளின் வீட்டில் தினமும் யாராவது செத்துப்போவார்கள். கட்டணம் என்றதும் அம்மாவுக்கு மாரடைப்பு வரும், மாமனாருக்கு மூச்சு நின்றுவிடும். "இன்னைக்குப் பத்து மணிக்குள்ள மூணு மாமனார் போயாச்சு" என்று டீ குடிக்கும்போது அக்கா சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை. நாளுக்கு ஒரே ஒரு விமானம் போகிற ஊருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வரிசையின் முடிவில் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. பெட்டி கூண்டுக்குள் பாதி இறங்கி நின்றது. சக்கரம்தான் இடித்தது.

"கட்டணம் கட்டணும் சார்."

"எங்க அண்ணன் காலைல தவறிட்டார்மா. மதியம் எடுத்துருவாங்க. இது பக்கத்து வீட்டுப் பெட்டி, அவசரத்துக்கு வாங்கிட்டு வந்தேன். அளவெல்லாம் பார்க்கல."

அவர் குரலை உயர்த்தவில்லை. அக்கா ஒரு விநாடி திரும்பிப் பார்த்தார். பின்னால் தூணருகே சூப்பர்வைசர் நின்றிருந்தார். அந்த விமானத்துக்கு அதுவரை நான்கு பெட்டிதான் பிடித்திருந்தார்.

"கட்டிடுங்க சார். ரெண்டு நிமிஷம்தான்."

அவர் கார்டை நீட்டினார். மெஷின் ஏற்கவில்லை. இன்னொரு முறையும் ஏற்கவில்லை. பணமாக வாங்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அக்கா மறுபடி பின்னால் பார்த்தார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தரையில் மண்டியிட்டார். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். வராமல் போகவே எழுந்து காலால் உதைத்தார், மறுபடி மண்டியிட்டார். முதல் சக்கரம் உடைந்தது. இரண்டாவதோடு அவர் விரலும் கிழிந்தது. பெட்டி கூண்டுக்குள் இறங்கியபோது என் முன்னால் திரையில் கேட் மூடியாகிவிட்டது என்று வந்துவிட்டது. "சார், மூடிட்டாங்க" என்று சொன்னது நான்தான்.

அவர் கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்தார். பிறகு உடைந்த சக்கரங்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கியபடி வந்த வழியே போனார்.

பக்கத்து கேட்டில் இருந்த யாரோ அதைப் படம் எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு விநாடி. ஒருவர் மண்டியிட்டுச் சக்கரத்தை உடைக்கிறார், ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். அவ்வளவுதான். மூன்று நாளில் ஊரே பார்த்தது. எங்கள் ஊழியர்களுக்கு மனிதநேயமே முதன்மை, சம்பந்தப்பட்டவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று விமானக் கம்பெனி அறிக்கை விட்டது.

விசாரணை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நடந்தது. அந்த ஆள் சொன்னதை ஏன் பொருட்படுத்தவில்லை என்று கேட்டார்கள். "தினமும் பத்து பேர் இதையேதான் சொல்றாங்க. நான் நம்பல" என்றார் அக்கா. ஐந்து பெட்டிக் கணக்கைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார் சூப்பர்வைசர். குரூப்பைத் திறந்து காட்டினார் அக்கா. பட்டியல் இருந்த இடத்தில் எல்லாம் செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"எனக்குத் தெரியாது சார். நான் ஸ்கேன் மட்டும்தான்" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. வேலை போன மறுவாரம் போன் செய்து, அந்த மனிதரின் நம்பர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். பயணிகள் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையாவது செய்யலாம் என்று தோன்றியது. அந்த மனிதர் போனில் பேசியதைப் பிறகு அக்காதான் என்னிடம் சொன்னார்.

"வீடியோ நான் எடுக்கலைம்மா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"மன்னிச்சிருங்க சார்."

"நீங்க நம்பலைன்னு புரிஞ்சுது. எத்தனையோ பேரைப் பார்ப்பீங்க. மறுநாள் போனேன். வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. சரிம்மா, வச்சிடறேன்."

அக்கா நான்கைந்து இடங்களில் வேலை கேட்டார். வீடியோவில் பார்த்த முகம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில், ஓட்டல்களுக்குப் போர்வை வெளுத்துத் தரும் ஒரு சலவைக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே நாள் முழுக்க முகமூடி போட்டிருக்க வேண்டும். ஏழாவது கேட்டில் வேறொரு பெண் நிற்கிறாள். வேகமானவள். சூப்பர்வைசருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் உள்ளே படுத்திருந்தார். மகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறு மாதமாக அவள் அந்த விஷயத்தைப் பேசியதே இல்லையாம். அன்று தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, அந்த ஆள் சொன்னதை நிஜமாவே நீ நம்பலையா?"

நம்பவில்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். விசாரணையில் சொன்னதுதானே. அக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"நம்புனேன். வாயத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு, பொய் இல்லைன்னு."

மகள் தண்ணீர் குடித்தாள். பாதிச் சாப்பாட்டோடு எழுந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். நான் அதையும் பிசைந்து சாப்பிட்டேன்.