பரணில் படைத்த பாற்சோறு

டென்மார்க்கில் நத்தார் எனும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிற்பகல். நானும் செல்வம் அண்ணையும் ஒரு பழைய பண்ணை வீட்டில் விருந்தாளிகள். வீட்டுக்காரி காரென், வைக்கோல் பரணில் ஒரு கிண்ணம் பாற்சோறு வைக்கிறாள். நடுவில் வெண்ணெய் உருகுகிறது. தொழுவத்தைக் காக்கும், கண்ணுக்குத் தெரியாத குள்ளனுக்காம். வைக்காவிட்டால் மாடுகளின் வால்களை முடிந்துவிடுவானாம்.

அவள் இறங்கிப் போனதும் அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"படைச்சுப் பத்து நிமிசமாச்சுது. இனி நாங்கள் சாப்பிடலாம்."

"அண்ணை, இஞ்சை அப்பிடி வழக்கமோ தெரியாது."

"படைச்சதை ஆறவிடுறதுதான் பிழை."

எனக்கும் பாதி கிடைக்கிறது. கிண்ணத்தை வெளியே பனியில் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைக்கிறார்.

திரும்பி வந்த காரென் அதை நிதானமாகப் பார்க்கிறாள்.

"எங்கள் குள்ளன் இதுவரை பாத்திரம் கழுவியதில்லை," என்கிறாள் டேனிஷில்.

எங்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய், கிண்ணத்தை நிரப்பி வருகிறாள். இம்முறை அதில் இரண்டு கரண்டிகள்.