பின்னால படுத்து வந்த மெக்கானிக்

ஒரு மாசமா என் மினி லாரி பின் ஆக்ஸில்ல இருந்து ஊளை விட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்னும் ஜாஸ்தி.

இன்னைக்குக் காலைல தோப்பும்படி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் சேட்டன் கேட்ட முதல் கேள்வி: "கூட வர்ற ஆளு ஒண்ணும் சொல்லலயா?"

"கூட யாரும் வர்றதில்ல சேட்டா."

"ஓட்டினாத்தான் பிடிபடும், எடு"ன்னு பின்னால ஏறினார். நான் தினமும் வெங்காய மூட்டை ஏத்துற பலகைல காதை வச்சுப் படுத்துட்டார்.

மட்டாஞ்சேரி வரை போய்த் திரும்பினோம். "காலை எடு", "இப்ப மிதி"ன்னு அவர் பின் ஜன்னல் வழியா கத்தினார். பதிலுக்கு நான் ஊர்ல மழை, பொண்ணோட பரீட்சை, நேத்து வச்ச மீன்குழம்புன்னு கத்திக்கிட்டே ஓட்டினேன்.

"எடா, மிண்டாதிரி! பேசாம ஓட்டு, எனக்கு வண்டி சத்தம் கேக்கணும்"னு ரெண்டு தடவை திட்டு வாங்கினேன்.

பின் ஆக்ஸில் நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியலைக் கழட்டினா, உள்ள பினியன் பேரிங் தேஞ்சு கிடந்துச்சு. புதுசு போட்டு, சாயங்காலம் சாவியைக் கையில குடுத்தார்.

"ஒரு ரவுண்டு கூட வந்து கேட்டுப் பாருங்களேன் சேட்டா."

"ஜாக்கில ஏத்தி ஓட்டிக் கேட்டாச்சு. ஒரு சத்தமும் இல்ல. நீ தனியா போய்க்கோ."

மட்டாஞ்சேரி வர்ற வரைக்கும் நெஜமாவே ஒரு சத்தமும் இல்ல.

வண்டி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க: மெக்கானிக் கூடவே வந்தாத்தான் பிடிபடும்ங்கிற மாதிரி வேற என்னென்ன பழுது இருக்கு?